முடிஞ்ச பிறகும் வாசிச்சது

ஓம், பிழையைக் கண்டுபிடிச்சது நான்தான். பெரிய கெட்டிக்காரி எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ தங்கச்சி. அந்தக் கதிரையில இருங்கோ, இதில ஒரு கால் ஆடும். அம்மா மீன் வாங்கக் கரைக்குப் போட்டா.

இந்தியாவில, அகதி முகாமில இருந்து படிச்சனான். ரெண்டாயிரத்துப் பன்ரண்டில அம்மாவும் நானும் பேசாலைக்குத் திரும்பி வந்தம். வேற ஒருத்தரும் இல்லை. இந்த அறைக்குள்ள இருந்து கொழும்பு ஆக்களுக்கு கம்ப்யூட்டர் வேலை செய்யிறன். சில கிழமை அம்மாவைத் தவிர ஒருத்தரோடையும் கதைச்சிருக்க மாட்டன்.

திரும்பி வந்த சனத்தின்ர கதையளை ஒரு அமைப்பு ஒலிப்பதிவு செய்தது. முசலி, எருக்கலம்பிட்டி, இஞ்சை, எல்லா இடமும். பேர் வராது, நீங்கள் சொல்லுறது உங்கட வீட்டாக்களுக்கும் தெரிய வராது எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்துத்தான் கேட்டவை. அந்தக் குரலுகளைக் கம்ப்யூட்டர் எழுத்தாக்கும். சரியோ எண்டு பாக்கிறது நான். எங்கட ஊர்ப் பதிவுகளை எனக்குத் தரமாட்டினம், அறிஞ்ச குரலாயிருக்கும் எண்டு.

ஒருநாள் கொண்டச்சி ஊர் ஐயா ஒருத்தர், தூர்ந்துபோன கிணத்தைப் பற்றிக் கதைச்சு முடிச்சிட்டார். எழுத்து நிக்கேல்லை. கீழ ஒரு பொம்பிளை கதைக்கிற மாதிரி நாலு வரி. திருப்பித் திருப்பிக் கேட்டன், அந்தப் பதிவில பொம்பிளைக் குரலே இல்லை.

மூண்டு கிழமை அதுக்குப் பின்னால திரிஞ்சன். பிழை எங்கட ஆக்களில இல்லை. மெஷின் லேர்னிங் லைப்ரரி எண்டு, உலகம் முழுக்க எடுத்துப் பாவிக்கிற ஆயத்த நிரல் ஒண்டு இருக்கு, அதுக்குள்ள. பதிவு எவ்வளவு நீளம் எண்டு பைலின்ர தலையில எழுதியிருக்கும். ஐயாட பைல் அனுப்பேக்க வாலறுந்து போச்சு, தலையில பழைய நீளம்தான். லைப்ரரி அதைச் சரிபாக்காமல் நம்பி, குரல் முடிஞ்ச பிறகும் நிக்காமல், மெமரியில பக்கத்தில கிடந்த வேற ஒராளின்ர பதிவையும் வாசிச்சுப்போட்டுது.

ஓமோம், ஆபத்துத்தான். ஆரும் வேணுமெண்டே அப்பிடி ஒரு பைலைச் செய்து அனுப்பினால், ஆரின்ர இரகசியத்தையும் எடுக்கலாமெல்லே. அதாலதான் அறிவிச்சனான். அந்த லைப்ரரியைப் பாக்கிறவை, வெளியில வந்த எழுத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டவை. நான் என்ர குரலில புதுசா ரெண்டு பதிவு செய்து, அதில பிழையைக் காட்டினன். ஒரு மாதத்தில திருத்திப்போட்டினம். நன்றியெண்டு என்ர பேரையும் போட்டவை, அன்ரோனெற் எண்டதை எழுத்துப் பிழையோட.

உண்மையான எழுத்தை ஏன் அனுப்பேல்லை எண்டோ? அதை ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள்தான் முதல்.

அழிச்சுப்போட்டன். அந்த நாலு வரியும் பாடமாக் கிடக்கு, சொல்லுறன், எழுதாதேங்கோ. “தொண்ணூறில இந்தியாவுக்குப் போகேக்க வள்ளக்காரன் நடுக்கடல் மணல்திட்டியில இறக்கிவிட்டிட்டுப் போட்டான். ரெண்டாம் நாள் பக்கத்தில இருந்த கைக்குழந்தைக்காறி செத்துப்போனா. பிள்ளையை நான் தூக்கினனான். அன்ரோனெற் எண்டு பேர் வைச்சதும் நான்தான், அவளுக்கு இண்டைக்கும் தெரியாது.”

ரெண்டு வருசமாகுது. அம்மா எனக்குச் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. முந்தியெண்டால் கறியில உப்புக் கூடினால் சண்டை பிடிப்பன். இப்ப உப்புக் கூடினாலும் வழிச்சுத் தின்னுறன்.