‘இல்லை’ என்று சொன்ன தாள்

என் பெயர் கோவர்த்தனன், வயது 51, தகப்பனார் பெயர் சண்முகம். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். யாரும் மிரட்டாமல் நானாகச் சொல்லுகிறேன்.

என் மகள் பிரித்திகாவுக்கு வயது 22. ஆறு வருடம் முன்பு திருப்பதியில் அவளுடைய இதய வால்வைச் சரிசெய்து வளையம் பொருத்தினார்கள். பல் பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட வேண்டும், போடாவிட்டால் வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் போய் வால்வில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அட்டை கொடுத்தார்கள். கல்யாணப் பேச்சு வந்ததும், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாதென்று அட்டையையும் மாத்திரையையும் நான்தான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் அவளுக்குக் கன்னம் வீங்கியது. மாப்பிள்ளையின் அக்காள் ரேகா, தான் வேலை பார்க்கும் பல் டாக்டர் சுதீரிடம் எங்களைக் கையோடு கூட்டிப்போனார். டாக்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு, இதய நோய் உண்டா என்று கேட்டார். ரேகா பக்கத்திலேயே நின்றார். பிரித்திகா என் காதோடு, "நைனா, மாத்திரை துன்னணுமே" என்றாள். "கம்முனு இரு, ஊட்டுக்குப் போய்த் துன்னுக்கலாம்" என்றேன். டாக்டரிடம் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பல்லைப் பிடுங்கினார். அதன்பிறகு வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். பீரோவைத் திறக்கவில்லை.

அதன்பிறகு நிச்சயதார்த்தம் முடிந்து பத்தாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்கியதும் திருப்பதியில் சேர்த்தோம். கிருமி வால்வை அரித்துவிட்டது என்றார்கள். 12ந் தேதி காலை இறந்துபோனாள். நிச்சயதார்த்த மருதாணி நகத்தில் பாதி மீதி இருந்தது.

13ந் தேதி பகல் பதினொரு மணிக்கு, இரண்டு முனையிலும் இரும்புப் பூண் போட்ட, ஊடை நூல் ஓட்டும் மரக்கட்டையான தறி நாடாவை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தார். வாயிலேயே அடித்தேன். இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. கீழே தள்ளி, மார்பில் முழங்காலை வைத்து மறுபடி மறுபடி அடித்தேன். தாடை உடைந்தது எனக்குக் கேட்டது. ரேகா அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி, "நீங்கதானே மாமா இல்லேன்னு சொன்னீங்க, என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்தினார். பார்த்தேன். என் கையெழுத்துதான்.

அதைப் பார்த்த பிறகும் ஒரு அடி அடித்தேன். அந்த அடியில்தான் டாக்டரின் கண் போயிற்று.

நான் சொன்னதைத் தெலுங்கில் எழுதி, தமிழில் படித்துக்காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. கிளினிக் தாளில் இருப்பதும் என் கையெழுத்துதான், அதற்கு மேலே இருந்தது பொய். இதற்கு மேலே இருப்பது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ச. கோவர்த்தனன்