என் பேர்ல யாரோ

– ஆளைக் கண்டுபிடிச்சுட்டோம் மேடம். உங்க போட்டோவைப் போட்டு, உங்க பேர்ல உங்க பொண்ணுக்கு எழுதிட்டிருந்தது வெளியாள் இல்லை. உங்க வீட்டுக்காரர்தான்.

– சரி.

– சரின்னா? பக்கத்துலயேதான் உக்காந்திருக்கார். ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?

– என்ன சார் கேக்கறது. என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்ததே இவர்தான். புகார் எழுதப் பேனா கொடுத்ததும் இவர்தான்.

– சொல்லிடணும்னுதாம்மா இருந்தேன். வாய் வரலை.

– ஐயா, நீங்க கொஞ்சம் இருங்க. மேடம், இன்னொருத்தர் மாதிரி நடிச்சு ஆன்லைன்ல ஏமாத்தினா அது குற்றம். புருஷன் பொண்டாட்டிக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. நீங்க கையெழுத்துப் போட்டா கேஸ் ஆயிடும். உள்ள கூடப் போக வேண்டி வரலாம். புரியுதா?

– புரியுது. அப்படி என்ன எழுதினார்?

– மன்னிப்புக் கேட்டிருக்கார். நீங்க கேக்கற மாதிரி.

– நான் எதுக்குக் கேக்கணும்?

– நம்ம சின்னவன் பாடியை எடுத்த அன்னிக்கு, எல்லார் முன்னாடியும் பெரியவளைப் பாத்து ஒண்ணு சொன்னியே, அதுக்கு.

– சொன்னேன். வண்டியை ஓட்டினவ நீ, பின்னாடி உக்காந்தவன் போயிட்டான், அவனுக்குப் பதிலா நீ போயிருக்கலாம்னு சொன்னேன்.

– பாருங்க சார், இப்படித்தான். அன்னிலேர்ந்து அழக்கூட இல்லை. ஆஸ்பத்திரி வேலைக்குப் போறா, நோயாளிங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கறா, வர்றா, சாப்பிடறா, படுக்கறா. பெரியவளும் நம்பரை மாத்திட்டா, அவளும் மாப்பிள்ளையும் இருக்கற ஊருக்கு நான் நேர்ல போனாக்கூடக் கதவைத் திறக்கறதில்லை. ஒருத்தன் போனான், எனக்கு மூணு பேரும் இல்லாமப் போச்சு. ஆன்லைன்ல அவ பேரைத் தேடினேன், கிடைச்சுது. 'தப்பாப் பேசிட்டேன் கண்ணு'ன்னு இவ பேர்ல எழுதிட்டேன்.

– நான் கண்ணுன்னு கூப்பிட மாட்டேன்.

– தெரியும்மா. ஆனா அவ பதில் போட்டாளே. 'பரவாயில்லைம்மா, மனசுல ஒண்ணும் வெச்சுக்கலை'ன்னு. அப்புறம் தினம் ஏதாவது கேப்பா. சாப்பிட்டியா, முட்டி வலி தேவலையான்னு. நானும் உன்னை மாதிரியே சொல்லிட்டிருந்தேன். நல்லாத்தான் இருந்தது. உன் ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் அந்தப் படத்தைப் பாத்துட்டு உன்கிட்ட வந்து கேக்கற வரைக்கும்.

– மனசுல வெச்சுக்கலைன்னு எழுதினாளா?

– ஆமா.

– அவளாவா?

– அவளேதான்.

– சார், அந்தப் பேப்பரைக் கொடுங்க.

– கேஸ் போடறீங்களா மேடம்?

– வாபஸ் வாங்கிக்கறேன். அவ பதில் சொல்றான்னா இனிமே நானே எழுதறேன். எங்க அமுக்கணும், எப்படி அனுப்பணும்னு இவர் காட்டித் தந்தாப் போதும்.

– கொஞ்சம் பொறுங்க. இன்னொண்ணு சொல்லணும். பதில் வந்த அக்கவுண்ட்டையும் விசாரிச்சோம். உங்க பொண்ணு பேர்ல அதை ஓட்டறது உங்க மாப்பிள்ளை.

– மாப்பிள்ளையா? அப்ப பெரியவளுக்கு இதெல்லாம் தெரியாதா சார்?

– போன வாரம் தெரிஞ்சிருக்கு ஐயா. அவங்க ஊர் ஸ்டேஷன்ல புகார் கொடுத்திருக்காங்க, 'என் பேர்ல யாரோ எங்கம்மாவை மன்னிச்சிருக்காங்க'ன்னு.