கவ்வித் தூங்கும் தேனீ

இரவு பத்து மணி இருக்கும். சூசமிர் கணவாயிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் மண் சாலை. ஆடு மேய்ப்பவர்கள் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு கீழே போய்விட்ட செப்டம்பர். எதிரே ஒரு வண்டி இல்லை. பின்னால் குரைக்க ஒரு நாய்கூட இல்லை. ஒரே ஒரு பழைய ஜீப் மட்டும், முனகிக்கொண்டே இறங்கியது...

ஓட்டி வந்தவள் சைராகுல். என் தோழி மேரிமின் அத்தை. அருங்காட்சியகத்தில் பூச்சிச் சேகரிப்பு முழுக்க அவள் பொறுப்பு.

"பேய் எப்ப அண்ணே வரும்? டீ ஆறுது" என்று என் கதையை இடைமறித்தான் கனிபெக்.

"நீ வாயை மூடினா வரும்."

கூடாரத்தில் தேனீ சேகரிக்க வந்த நாங்கள் நாலு பேர். நடுவில் சிவப்பு விளக்கு மட்டும். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. அன்று மாலை பிடித்தவை மேசை மேல் கண்ணாடிக் குழாய்களில் தூங்கிக்கொண்டிருந்தன. கனிபெக்குக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "நீங்கள்லாம் புல்லுல தேடினீங்க. என் ஆளு ஆத்தங்கரைக் கல்லுல, ஏதோ வெளுத்த நார்ல தொங்கினான்!"

நான் தொடர்ந்தேன்.

இந்த வகைத் தேனீயில் பெண்ணுக்குத்தான் மண்ணுக்குள் வீடு. ஆணுக்குக் கிடையாது. பொழுது சாய்ந்தால் ஒரு தண்டை வாயால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி, தொங்கியபடியே தூங்கிவிடும். அதைத் தண்டோடு கத்தரித்து எடுப்பதுதான் நம் வழக்கம்.

சைராகுலும் அவளோடு வேலை பார்த்த தொலோனும் இப்படிச் சேர்ந்து தேடியே நரைத்தவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேசியதெல்லாம் தேனீயைப் பற்றித்தான். தொலோனிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. எத்தனை தூங்கினாலும் ஒன்றையாவது அங்கேயே விட்டுவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும். "வீடில்லாதவனை மொத்தமா அள்ளிடாதே, சைரா" என்பான்.

ஒரு கோடையில் ஆறு அவனை இழுத்துக்கொண்டது. உடல் கிடைக்கவில்லை. பை மட்டும் கரையில் கிடந்தது. அதற்குள் ஒரு பெண் தேனீ... அதுவரை யாருமே பார்த்திராத வகை.

அதற்கு அவன் பெயரை வைக்க வேண்டும். சமாதிகூட இல்லாதவனுக்கு அது ஒன்றுதான் மிஞ்சும். ஆனால் ஆணையும் பார்க்காமல் பெயர் வைத்தால், வேறு யாரோ ஏற்கெனவே பெயரிட்ட ஆணின் ஜோடியாகிவிடலாம்; அப்புறம் அவன் பெயர் செல்லாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தனியாக வந்து தேடினாள். கிடைக்கவில்லை. அடுத்த மாதம் பணி ஓய்வு. இதுதான் கடைசி முறை.

சிவப்பு விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு இறங்கினாள். காலடியில் உறைபனி நொறுங்கியது... நறுக்... நறுக்... தண்டு தண்டாகப் பார்த்தாள். எல்லாம் காலி.

ஆற்றோரக் கல்லில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு இந்தப் பக்கம். ஈரக் கம்பளி வாடை.

ஆடு தேடி வந்தவர் என்று நினைத்தாள். "அண்ணே, குளிரலையா?"

கிட்டே போனாள்.

அவர் தோளில் ஒரு கழுத்துத் துணி. வெளுத்த கம்பளி. அதன் நுனியைக் கவ்விக்கொண்டு... நீண்ட உணர்கொம்போடு... ஒரு ஆண் தேனீ!

ஒன்றே ஒன்று. அவள் கை தயங்கியது.

"ஒண்ணுதான் இருக்கு, தொலோன்... இந்த ஒரு தடவை" என்று வாய்விட்டே சொன்னாள்.

கத்தரித்தாள். நறுக்.

அந்தத் தலை கொஞ்சம் திரும்பியது. கொஞ்சம்தான். அவள் நிற்கவில்லை. ஜீப் வரைக்கும் பின்னால் நீர் சொட்டும் சத்தம் கூடவே வந்தது.

காலையில் அருங்காட்சியகம். தேனீயை விஷக் குப்பியில் போட்டு, ஊசியில் குத்தி, நுண்ணோக்கியின் வெள்ளை விளக்கைப் போட்டாள். அதன் வாயில் ஒரு துணுக்குக் கம்பளி.

சிவப்பு.

சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பும் வெளுப்பாகத்தான் தெரியும். வேர்ச்சாயம் காய்ச்சி, அவளே பின்னிக் கொடுத்த கழுத்துத் துணி அது. ஆறு இழுத்துப் போன அன்று தொலோன் கழுத்தில் இருந்தது. நூல் இன்னும் ஈரமாக இருந்தது.

மேரிமுக்கு ஃபோன் செய்தாள். "விட்டுட்டு வந்திருக்கணும்டி... அவன்கூட இருந்ததே அது ஒண்ணுதான்."

மறுநாள் ஜீப் ஆற்றங்கரையில் நின்றது. கதவு திறந்தபடி. கல்லின் மேல் நெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் இல்லை.

தேனீக்குத் தொலோன் பெயரே நிலைத்தது. அடுத்த ஆண்டு மேரிம் அதே கரைக்கு வந்து, தூங்கிய ஆண் ஒன்றை எடுத்துப் போனாள். அதன் வாயிலும் சிவப்பு நூல். நூலோடு முறுக்கிக்கொண்டு... நீளமாக ஒரு நரைமுடி.

முடித்தேன்.

"எந்தக் கரை அண்ணே?" என்றான் கனிபெக்.

"இதுதான்."

அவன் தன் குழாயையே பார்த்தான். உள்ளே தேனீ, அந்த வெளுத்த நாரைக் கவ்வித் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் எடுத்த இடத்துல... ஒண்ணுதான் இருந்துச்சு அண்ணே."

வெள்ளை விளக்கு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. விடியும்வரை யாரும் அதைப் போடவில்லை.