முன் அனுபவம்

தினகரன்: அக்கா, மறுபடியும் சுவரைப் பாத்துக்கினு பேசறே. நான் இங்க ஒக்காந்திருக்கேன்.

நீலாம்பாள்: உன் மூஞ்சியப் பாத்தா நீ சொல்றது காதுல ஏறாதுடா. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்.

தினகரன்: நாளைக்கு ஐயம்பேட்டை இன்டர்வியூல அந்த மேடம் கேள்வி கேக்கும்போதும் சுவரைத்தான் பாப்பியா?

நீலாம்பாள்: அங்க சுவர் எப்படி இருக்குதோ தெரியலையே.

தினகரன்: ...சரி. காதைப் பாரு. கண்ணைப் பாக்கற மாதிரியே இருக்கும்.

நீலாம்பாள்: காது பரவாயில்ல. அது அசையாது. பக்கத்து வூட்டுல தறியும் நின்னுடுச்சு. இப்பக் கேளு.

தினகரன்: இப்ப நான் உன் தம்பி இல்ல. மனநல மையத்துக்கு உதவியாள் எடுக்கற மேடம். "உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா."

நீலாம்பாள்: என் பேரு நீலாம்பாள். பிள்ளையார்பாளையம். பி.ஏ. சைக்காலஜி, கரஸ்பாண்டென்ஸ்ல படிச்சேன். எனக்கு ஆட்டிசம் இருக்குது. போன வருஷம்தான் மெட்ராஸ்ல டாக்டர் சொன்னாங்க. அதுவரைக்கும் எல்லாரும் திமிருன்னு சொல்லிக்கினு இருந்தாங்க.

தினகரன்: நிறுத்து, நிறுத்து. எடுத்த எடுப்புலயே அதச் சொன்னா...

நீலாம்பாள்: என்னைப் பத்தித்தானே கேட்டாங்க?

தினகரன்: மனசு சரியில்லாதவங்களுக்கு ஒத்தாசையா இருக்கற வேலை இது, அக்கா. இவளே இப்படின்னு நெனச்சிட மாட்டாங்களா?

நீலாம்பாள்: சொல்லாம உள்ள போயிட்டா தெனமும் நடிக்கணும். நடிச்சிக்கினே இன்னொருத்தர் அழறத எப்படிடா கேக்கறது? அடுத்த கேள்வி கேளுடா. கேளுங்க மேடம்.

தினகரன்: ம்... "ஒருத்தர் திடீர்னு கத்தறாரு, பொருளையெல்லாம் தூக்கி எறியறாரு. நீங்க இன்னா செய்வீங்க?" சிரிச்ச முகமா, "ஆறுதலா பேசுவேன் மேடம்"னு சொல்லணும்.

நீலாம்பாள்: பேச மாட்டேன்.

தினகரன்: அக்கா...

நீலாம்பாள்: அந்த நேரத்துல பேச்சும் ஒரு சத்தம்தான். டிவி ஓடினா நிறுத்துவேன். வேடிக்கை பாக்கறவங்கள வெளிய அனுப்புவேன். டியூப்லைட் மினுக்கினா அணைச்சிடுவேன். எதிர்ல நிக்காம, கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டுல ஒக்காருவேன். அவரு மூச்சு அடங்கற வரைக்கும் நானும் மெதுவா மூச்சு விட்டுக்கினு இருப்பேன். அப்புறம் தண்ணி வேணுமான்னு கேப்பேன். அவ்ளோதான்.

தினகரன்: இதெல்லாம் புஸ்தகத்துல இருக்குதா?

நீலாம்பாள்: இல்ல. எனக்கு யாரும் இப்படிச் செய்யல. செஞ்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நெனச்சி நெனச்சிப் பாத்திருக்கேன்.

தினகரன்: ...ஒடம்பே சிலுத்துப் போச்சுக்கா.

நீலாம்பாள்: ஃபேனைக் கொறைக்கட்டுமா?

தினகரன்: குளிருக்கு இல்ல... வுடு. கூடவே இருந்துக்கினு உன்னை இத்தனை வருஷமா நான் பாக்கவே இல்லையேன்னு தோணுது.

நீலாம்பாள்: தெனமும் பாக்கறியேடா.

தினகரன்: சரி, சரி. கடைசி கேள்வி. "முன் அனுபவம் இருக்குதா?" இதுக்கு இல்லன்னு சொல்லிடு. கத்துக்க ஆசையா இருக்குதுன்னு சேத்துக்கோ.

நீலாம்பாள்: இருக்குதே.

தினகரன்: பொய்யே வராதும்பியே, இப்ப இன்னா?

நீலாம்பாள்: பொய் இல்ல. ஒருத்தரு. மெட்ராஸ் கம்பெனியில அவருக்கு வேலை போயிடுச்சு. வூட்டுல யாருக்கும் சொல்லல. காலையில டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு கெளம்புவாரு, சாயந்திரம் அப்படியே எடுத்தாந்துடுவாரு. கழுவறவளுக்கு ஊசிப்போன வாசனை தெரியாதா?

தினகரன்: அக்கா, இரு...

நீலாம்பாள்: ஒரு நாள் வாட்ச், செல்போன், மோதிரம் எல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டு, சும்மா தாமல் ஏரி வரைக்கும் போய்ட்டு வரேன்னாரு. நானும் பஸ்ல ஏறிட்டேன். கரையில பக்கத்துல ஒக்காந்தேன். எதுவும் கேக்கல. இருட்டினப்புறம் அவரே வூட்டுக்குப் போலாம்னாரு.

தினகரன்: ...கொக்கு பாக்க வரேன்னு சொன்னியே.

நீலாம்பாள்: கொக்கும் பாத்தேன்.

தினகரன்: அப்ப... அன்னிக்கு நான் எதுக்குப் போனேன்னு... அம்மாவுக்குக்கூட நான் சொல்லலியேக்கா.

நீலாம்பாள்: நானும் சொல்லல. நாளைக்கும் பேரு சொல்ல மாட்டேன்.

தினகரன்: "இப்ப... இப்ப அவரு எப்படி இருக்காரும்மா?"

நீலாம்பாள்: நல்லா இருக்காரு மேடம். ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சொல்லித் தராரு. சாப்பாடு பத்தலன்னு சண்டை போடறாரு. ஏன்டா, அழறியா? தண்ணி வேணுமா?

தினகரன்: வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. யாரையும் தொடறதே உனக்கு ஆகாது. அன்னிக்கு முழுக்க என் சட்டையப் புடிச்சிக்கினே ஒக்காந்திருந்தே. அவ்ளோ தண்ணியப் பாத்து நீ பயந்துட்டியோன்னு நெனச்சேன்.

நீலாம்பாள்: பயந்தேன்தான். தண்ணிக்கு இல்லடா. நீ எழுந்துடுவியோன்னு.