தானாக ஆறியது

“அடிபட்டது தானா ஆறிடுச்சுக்கா. அதான் பேஜாரு.”

பொன்னேரியைத் தாண்டி கும்மிடிப்பூண்டிக்குப் போய்க்கொண்டிருந்த காலை ரயிலில், எதிர் இருக்கை இளைஞன் தன் அக்காவிடம் இப்படிச் சொன்னான். அவள் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

“ஆறினா நல்லதுதானடா?”

“மனுசனுக்கு நல்லது. இது சிப்பு. விண்வெளிக்குப் போற சிப்பு எவ்ளோ கதிர்வீச்சு தாங்கும்னு பாக்கறதுதான என் ஆராய்ச்சி? கதிர்ல காட்டி எடுத்ததும் ஒடனே அளந்துடணும். இல்லன்னா ஐஸ் பொட்டியில போடணும். வெளிய கெடந்தா கொஞ்சங் கொஞ்சமா அதுவே சரியாயிடும்.”

“நீ இன்னா பண்ண?”

“போன மாசம் உன் கை மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு போன் வந்துச்சே. டேபிள் மேல போட்டுட்டு ஓடியாந்துட்டேன். நாலு நாள் கழிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஆறிப்போயிருக்கு. எவ்ளோ அடின்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஒரு வருசம் காத்துக்கினு இருந்து கெடச்ச வாய்ப்புக்கா.”

“எல்லாம் என்னாலதான்.”

“உன்னால இல்ல. ஐஸ் பொட்டி ரெண்டடி தள்ளிதான் இருந்துச்சு.”

உருக்காலைப் புகை வயல்களின் மேல் கலைய மனமில்லாமல் நின்றது. ரயில் மெதுவாகி நிலையத்துக்குள் நுழைந்தது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்தாள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

“எங்க சூப்பர்வைசரும் அதாண்டா சொன்னாரு. கைதான் ஆறிடுச்சே, இனிமே அடிபட்டுச்சுன்னு நஷ்டஈட்டுக்கு இன்னாத்த எழுதறதுன்னாரு.”