மூன்று முறை கட்டிய ஷூ கயிறு

பேச எனக்கு ஐந்தே நிமிடம் என்று சொல்லிவிட்டு, அது நடக்காது என்று தெரிந்தே புன்னகைத்துக்கொண்டிருக்கும் பள்ளி வாரியத் தலைவர் ஹார்லன் ஓல்ட்மன் அவர்களே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து என் கண்ணைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்க்கும் வாரிய உறுப்பினர்களே! பதினாறு கோடைகளாக நம் பெண்களுக்கு சாப்ட்பால் கற்றுத்தரும் பயிற்சியாளர் டெப் வெசல்ஸ் அவர்களே! சோளக்காட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, சலவைச் சட்டையோடு வந்திருக்கும் பெரியவர்களே! மடக்கு நாற்காலியைக் காரில் ஏற்றிக்கொண்டு, மகள் ஆடும் மைதானமெல்லாம் மணலும் மண்ணும் மிதிக்கும் தாய்மார்களே! முட்டியில் சிராய்ப்போடும் முகத்தில் முறைப்போடும் முன்வரிசையில் இருக்கும் எங்கள் வெஸ்ட்ரம் பள்ளிக் கண்மணிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த எல்டா ஹைனெனின் அன்பான வணக்கம்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கோழிக்குஞ்சு பொரிக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனவள் நான். எழுதிவைத்துப் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. நெஞ்சில் இருப்பதைச் சொல்வேன். என் நெஞ்சில் எது இருந்தாலும் அழியாது என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். மேடையிலிருந்து எல்லாம் தெரிகிறது.

இன்று மாலை நம் முன்னால் இருப்பது ஒரே ஒரு விதி. "பள்ளி அணியில் ஆடும் பெண், அதே கோடையில் ஊர் சுற்றும் அணி எதிலும் ஆடக்கூடாது, ஆடினால் பள்ளிச் சட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டும்." ஊர் சுற்றும் அணி என்றால், பள்ளியைச் சேராமல் ஊர் ஊராகப் போட்டிக்குப் போகும் தனி அணி. மற்ற மாநிலங்களில் பள்ளி ஆட்டம் வசந்தத்தோடு முடிந்துவிடும். கோடையில் பெண்கள் எங்கே வேண்டுமானாலும் போய் ஆடலாம். நம் அயோவாவில் இரண்டும் ஒரே வெயிலில், ஒரே மாதத்தில், ஒரே பெண்ணின் ஒரே தோளில். ஆகவே யாரோ ஒருத்தி எதையோ ஒன்றை விடத்தான் வேண்டும் என்கிறது இந்த விதி. யார் அந்த ஒருத்தி? காகிதத்தில் பெயர் இல்லை. இந்தக் கூடத்தில் பெயர் தெரியாதவர் யார்? பதினாறு வயது மாரென் தியாடன். மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற நம் கேட்சர். இந்த விதி ஒரு வேலி என்கிறார்கள். ஒரே ஒரு குழந்தையைச் சுற்றிப் போடுவதற்குப் பெயர் வேலியா?

என்ன முணுமுணுக்கிறாய், வெண்டல்? "எல்டா, நீ நம்ம பக்கம்தானே?" என்கிறார், இந்த விதிக்குக் கை தூக்க வந்திருக்கும் நம் வெண்டல் ப்ரன்ஸ். சபையோரே, அவர் கேட்பதில் தவறில்லை. ஊர் சுற்றும் அணிகளை என்னைவிட நெடுங்காலமாக, என்னைவிட நேர்த்தியாக வெறுத்தவர் இந்த மாவட்டத்தில் கிடையாது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், ஜூலை ஒன்பது, வியாழக்கிழமை. வெளியேறும் சுற்று ஆட்டம், தோற்றால் கோடை முடிந்தது. என் மகள் ரோண்டா பந்து எறிபவள். பள்ளியில் அவளுக்கு அது கடைசி வருஷம். எங்களிடம் இருந்தது சரியாக ஒன்பது பெண்கள். புதன்கிழமை மத்தியானம் எங்கள் கேட்சர் கார்லா உப்பன், ஊர் சுற்றும் அணியோடு ஒமாஹாவுக்கு வண்டி ஏறிவிட்டாள். எட்டுப் பேரோடு களத்தில் இறங்க முடியாது. ஆடாமலே தோற்றோம். என் மகள் சீருடையோடு எங்கள் வண்டியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கையுறையைக் கழற்றவும் இல்லை. அந்த ஒரு மணி நேரம் என்னை விட்டு இன்னும் இறங்கவில்லை.

அன்றிலிருந்து நான் கார்லாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தேவாலயத்தில் பேசவில்லை, தானியக் கிடங்கில் பேசவில்லை, என் கணவர் அடக்கத்துக்கு அவள் உருளைக்கிழங்குப் பாத்திரம் கொண்டுவந்தபோதும் பேசவில்லை. பாத்திரத்தை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். அந்தக் கார்லாதான் மாரெனின் அம்மா. அதோ, மூன்றாவது வரிசை. இப்போதும் அவளிடம் நான் பேசவில்லை, சபையிடம் பேசுகிறேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். இனிமேல் வருவது சிரிக்கிற விஷயமில்லை.

இந்த ஜூலையில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். ஆனால் எல்லோரும் பார்த்தது எல்லோருக்கும் புரிந்ததா? எனக்குப் புரியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாரென் தன் ஊர் சுற்றும் அணியோடு கான்சஸ் சிட்டியில் ஏழு ஆட்டம் ஆடினாள். சனிக்கிழமை நம் ஆட்டத்துக்கு அவள் இல்லை. வேறொருத்தி முகமூடி போட்டுக் குந்தினாள்; பந்து பாதி நேரம் அவள் கையில் இருந்தது, பாதி நேரம் வேலியில் இருந்தது. தோற்றோம். அப்போதே ஊரில் புகைந்தது. திங்கட்கிழமை கிளேபர்ன் பள்ளியோடு வெளியேறும் சுற்று. அதற்கு மாரென் வந்துவிட்டாள்.

ஆறாவது இன்னிங்ஸ். நமக்கு மூன்று ஓட்டம், அவர்களுக்கு இரண்டு. நம் லாட்டி பெரென்ட்ஸ் பந்து எறிகிறாள், ஒன்பதாம் வகுப்புக் குழந்தை. லாட்டிக்குப் பந்தெறிவது மூச்சுவிடுவது மாதிரி. ஒன்று போனால் அடுத்தது வரவேண்டும். நடுவில் நிறுத்தினால் திணறிப்போவாள். அந்த நேரம் பார்த்து மாரென் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்துகிறாள். குனிந்து ஷூ கயிறு கட்டுகிறாள். அடுத்த பந்து. மறுபடியும் கயிறு. அடுத்த பந்து. முழங்கால் கவசத்தை அவிழ்த்து மாட்டுகிறாள், நடுவரிடம் தளத்தைத் துடைக்கச் சொல்கிறாள், லாட்டியிடம் நடந்து போகிறாள், சவப்பெட்டிக்குப் பின்னால் நடக்கிற மாதிரி நடந்து திரும்புகிறாள். மறுபடியும் கயிறு. நடுவர் எச்சரித்தார். லாட்டியின் கை குளிர்ந்துபோயிற்று. எறிந்ததெல்லாம் குறி தவற, மூன்று பேர் மட்டையை அசைக்காமலே நடந்து தளம் ஏறினார்கள், நான்காமவள் ஓங்கி அடித்தாள், இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நாலுக்கு மூன்று. ஏழாவதில் நம்மால் ஒரு ஓட்டமும் எடுக்க முடியவில்லை. கோடை முடிந்தது.

ஊர் என்ன சொன்னது? ஊர் சுற்றிக் களைத்தவளுக்கு நம் ஆட்டம் ஒரு பொருட்டா என்றது. வேண்டுமென்றே கெடுத்தாள் என்றது. ஊர் சொன்னது இருக்கட்டும். வேலியோரம் நின்று நான் என்ன சொன்னேன்? அந்தக் குழந்தை முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, நூறு பேர் கேட்க நான் கத்தினேன்: "உங்கம்மா ஓடிப்போய்க் கெடுத்தா. நீ கூடவே நின்னு கெடுக்கிறியா?"

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் எதையும் மறக்காதவள் என்றால், நான் சொன்னதை மட்டும் எப்படி மறக்கலாம்?

மறுநாள் காலை என் சமையலறைக் கதவைத் தட்டினாள் மாரென். நான் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தேன். உட்கார் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"எல்டா பாட்டி, நீங்க கத்துனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நான் வேணும்னு கெடுக்கல. அங்க, அந்த ஊர் சுத்துற அணியில, ஒரு ஆட்டத்துக்கு எழுபத்தஞ்சு நிமிஷந்தான். நேரம் முடிஞ்சா ஆட்டம் முடிஞ்சுது. நாங்க முன்னால இருந்தா, மிச்ச நேரத்த ஓட்டுறது கேட்சர் வேலை. அதுல நான் கெட்டிக்காரி."

"இங்க ஏதுடி நேரம்? ஏழு இன்னிங்ஸ், இருபத்தொரு அவுட். அதத்தவிர என்ன இருக்கு?"

"தெரியும் பாட்டி. தலைக்குத் தெரியும். ரெண்டு நாளா ஏழு ஆட்டம் ஆடி கைக்கும் காலுக்கும் அதுவே ஊறிப்போச்சு. லாட்டிதான் கேட்டா, 'நீ எதுக்குக் காத்திருக்கே?'ன்னு. அப்பதான் உறைச்சுது. அதுக்குள்ள அவ பந்து குறி தவற ஆரம்பிச்சிடுச்சு." பிறகு என் கையிலிருந்த கதிரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஜெயிக்கணும்னுதான் பாட்டி செஞ்சேன்."

கேட்டீர்களா, பெரியவர்களே? கேட்டீர்களா, தாய்மார்களே? அலட்சியம் என்றோமே, அது ஆசை! துரோகம் என்றோமே, அது தவிப்பு! நம்மை ஜெயிக்க வைக்கத் தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் கொண்டுவந்து கொட்டினாள். கொட்டிய இடம் மட்டும் மாறிப்போயிற்று. இரண்டு வீட்டில் வளரும் பிள்ளை, ஒரு வீட்டின் பழக்கத்தை மறு வீட்டில் காட்டிவிட்டால், கதவைச் சாத்துவோமா?

ஊர் சுற்றும் அணியை நான் இன்றைக்கும் புகழ மாட்டேன். ஒரே நாளில் நாலு ஆட்டம். நிழலுக்கு ஒரு துணிக்கூடாரம். பக்கத்தில் ஆடுகிறவளின் பெயர் தெரியும், அவள் தாத்தா பெயர் தெரியாது. நம் பள்ளியில் என்ன இருக்கிறது? ஞானஸ்நானத்திலிருந்து ஒன்றாக வளர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். ஜெயித்து வந்தால் பேருந்துக்கு முன்னால் தீயணைப்பு வண்டி ஊளையிட்டுக்கொண்டு வருகிறது. வலது கோடியில் நிற்கிறவளுக்குப் பந்தே பிடிக்க வராது. ஆனாலும் அவள் நம் தபால்காரர் மகள், அவளுக்கும் ஒரு சட்டை உண்டு.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். தரையில் விழுந்து தெறிக்கிற பந்தை மார்பால் மறிக்க மாரெனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? டெப், நீங்களா? இல்லை என்று தலையாட்டுகிறார், நேர்மையான பெண். ஆட்டத்தைப் பார்த்துப் படிப்புக்கு உதவித்தொகை தரும் கல்லூரிக்காரர்கள் கையில் குறிப்பேட்டோடு வெஸ்ட்ரம் மைதானத்துக்கு என்றைக்காவது வந்திருக்கிறார்களா? அந்தக் குழந்தைக்கு செவிலியர் படிப்பு படிக்க வேண்டுமாம். அதற்கு வழி கான்சஸ் சிட்டி புழுதியில் கிடக்கிறது. பொறுக்கப் போகிறாள். போகட்டுமே! அங்கே அவளை எடை போடுவார்கள். இங்கே அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். இரண்டும் வேண்டாமா ஒரு பெண்ணுக்கு?

என் வன்மம் என்னுடையது. இருபத்திரண்டு வருஷம் வளர்த்தது. விட்டுவிடு என்று யாரும் சொல்ல வேண்டாம், விட மாட்டேன். என் குழிவரைக்கும் நானே சுமப்பேன். ஆனால் அதைத் தூக்கி ஒரு பதினாறு வயதுத் தோளில் வைக்க மாட்டேன். வைக்க உங்களையும் விட மாட்டேன். கார்லா, சபை நடுவில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், பதில் சொல்லாதே: பிள்ளைய நல்லா வளத்திருக்கே.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் கேட்க நினைப்பதை நானே கேட்கிறேன். "எல்டா, அவ இல்லாத சனிக்கிழம யாரு குந்தி உட்காருவா? மறுபடியும் பந்து வேலிக்குப் போகவா?" நியாயமான கேள்வி. அதற்கும் பதில் கொண்டுவந்திருக்கிறேன்.

டோவா ஹார்க்கென், எழுந்திரு கண்ணு. வெட்கப்படாதே. எட்டாம் வகுப்புக்குப் போகிறாள், அடுத்த கோடையில் பள்ளிச் சட்டை போடலாம். அவள் முழங்காலைப் பாருங்கள். நீலமும் பச்சையும் மஞ்சளுமாக, ஒரு இடம் மிச்சமில்லை. மூன்று வாரமாகக் காலை ஏழு மணிக்குத் தேவாலயத்துப் பின்பக்கம் பந்து சத்தம் கேட்டது. யாரடா இது என்று எட்டிப்பார்த்தேன். இந்தப் பெண் முகமூடி போட்டுக் குந்தியிருக்கிறாள், எதிரே ஒருத்தி தரையில் அடித்து அடித்துப் பந்து எறிகிறாள். "மூஞ்சியத் திருப்பாத டோவா, நெஞ்சக் குடு, பந்து ஒன்ன ஒண்ணும் செய்யாது" என்கிறாள். நெஞ்சைக் கொடுக்கக் கற்றுத்தந்தவள் யார்? ஊரே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த அந்த மூன்று வாரமும், யாருக்கும் சொல்லாமல், யாரும் கேட்காமல், தன் பழைய முகமூடியையும் கொடுத்துக் கற்றுத்தந்தவள் யார்? மாரென் தியாடன்!

நம்மை விட்டு ஓட நினைக்கிறவள், தான் இல்லாத நாளுக்கு ஓர் ஆளைத் தயார் செய்வாளா? சொல்லுங்கள், செய்வாளா?

மாரென், வேலியோரம் நூறு பேர் கேட்கச் சொன்னேன். அதனால் இருநூறு பேர் கேட்கச் சொல்கிறேன். நான் சொன்னது தப்பு. என்னை மன்னித்துக்கொள், கண்ணு. மன்னிக்க நாளானாலும் பரவாயில்லை, எனக்கு அது புரியும்.

வாரியத்தாரே, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அந்தச் சட்டை அவள் முதுகிலேயே இருக்கட்டும். ஐந்து நிமிடத்தை இவ்வளவு நீளமாக்கியும் பொறுத்துக் கேட்ட காதுகளுக்கெல்லாம் என் நன்றி. இப்போது உயரப்போகும் கைகளுக்கு என் வணக்கம்.