கம்ப்யூட்டருக்குச் சுற்றிப் போட்டேன்

“பெட்டி வேணுமா, நான் வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு” என்று பக்கத்து வீட்டில் முத்துமாரி கேட்டபோது, நான் சுவருக்கு இந்தப் பக்கம் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். அவரைக்காய் நல்ல காய். உரிக்கும்போது சத்தம் வராது.

அதுவரை அவள் செந்தில்முருகனை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு ‘நீ’ வந்துவிட்டது. தெருவில் வேறு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கெல்லாம் வேலை இருக்கிறது.

“வேனை வித்து, மைக்செட்டை வித்து, இட்லிச் சட்டி அளவுக்கு ஒரு பெட்டி வாங்கப் போறியாம்லா. இனிமே நான் எங்க நின்னு பாட? அந்தப் பெட்டி மேல ஏறி நின்னா?”

“இங்கனயே உக்காந்து பாடு. உலகமே கேக்கும்.”

“உலகம் கேட்டுட்டுப் போட்டும். பாடும்போது எனக்கு எதுத்தாப்புல பத்து மூஞ்சி வேணும்.”

இவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். செந்தில்முருகன் கீபோர்டு வாசிப்பவன். சங்குமணி இன்னிசைக் குழு அவனுடையது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டில் வாடகைக்கு இருந்தான். முன்னறைதான் ரிக்கார்டிங் ரூம். முத்துமாரி அந்தக் குழுவின் பாட்டுக்காரி. நிச்சயம் முடிந்து, வைகாசியில் அவனுக்குப் பெண்டாட்டியாக வேண்டியவள். ஆன்டனிக்குக் கிதார். கடற்கரைப் பக்கத்துப் பையன். கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் அவன் பொறுப்பு. சுடலைக்கண்ணு அண்ணாச்சி ரிதம் பேடு அடிப்பவர். அம்மன் கோயில் கொடை விழா, மாதா கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று தூத்துக்குடி வட்டாரத்தில் இந்த நாலு பேரும் ஏறாத மேடை இல்லை.

நான் பிரேமா. உப்பளத்தில் வேலை பார்க்கிற சிவசுப்பிரமணியன் வீட்டுக்காரி. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கட்டின கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும்.

அவர்களிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மாவு மில் மாதிரி இரையும். நாலு வாத்தியத்தைச் சேர்த்துப் போட்டால் அப்படியே மலைத்து நின்றுவிடும். அது நின்றால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்தால் பேச வேண்டியதுதான். சுடலைக்கண்ணு அண்ணாச்சியின் மருமகன் குடிக்கிறது, ஆன்டனிக்கு நாசரேத்தில் பார்த்த பெண் இவன் வேண்டாமென்று சொன்னது, எல்லாம் அது நின்ற நேரத்தில் வெளியே வந்தவைதான். செந்தில்முருகன் முத்துமாரியிடம் “உங்க வீட்ல வந்து கேக்கட்டுமா?” என்று கேட்டதும் அப்படி ஒரு நேரத்தில்தான். அவள் பதில் சொல்வதற்குள் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் ஒரு கம்பெனி புதுக் கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்றை அறிவித்தது. ஆன்டனி மறுநாள் காலையில் அந்த வீடியோவை எல்லாருக்கும் போட்டுக் காட்டினான். நான் வாழைக்காய் பஜ்ஜி கொண்டுபோனேன். நாலு பேர் கூடியிருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர், பிறந்த பிள்ளையைத் தடவுவதுபோல அந்தப் பெட்டியைத் தடவித் தடவிப் பேசினார். ஆன்டனி திறந்த வாயை மூடவில்லை. நூறு வயலினை ஒரே நேரத்தில் வாசித்தாலும் அதற்கு மூச்சு வாங்காதாம்.

“நூறு பேருக்கும் பரோட்டா வாங்கிக் குடுக்க வேண்டாம். அது ஒண்ணுதாம்ல லாபம்” என்றார் சுடலைக்கண்ணு அண்ணாச்சி. ஸ்பீக்கரை வேனில் ஏற்றி இறக்குமா என்றும் விசாரித்தார். அது செய்யாது என்றதும் அவருக்கு அதில் அக்கறை போய்விட்டது.

செந்தில்முருகன் அந்த வீடியோவை மறுபடி போடச் சொன்னான். நிச்சயத்தன்று முத்துமாரி பட்டுப்புடவையில் வந்து நின்றபோதுகூட அவன் முகம் அப்படி மலரவில்லை. இதை நான் பிற்பாடு அவளிடம் சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்.

பெட்டியில் இன்னொரு விசேஷம், அதற்குச் சத்தமே கிடையாதாம். அதுவரை மாவு மில் இரைச்சலில் அமுங்கிக் கிடந்ததெல்லாம் இனி மைக்கில் விழும் என்றான் ஆன்டனி. “பக்கத்து வீட்டு மிக்சிச் சத்தம்கூட விழும். இந்தச் சுவர் முழுக்க ஃபோம் ஒட்டிரணும். அப்புறம் அங்கிட்டு உள்ளது இங்கிட்டு வராது, இங்கிட்டு உள்ளது அங்கிட்டுப் போவாது” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, “உங்களுக்கும் நிம்மதிதான், யக்கா” என்றான். தங்கமான பையன்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஜ்ஜி மீதி இருந்தது.

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். என்னைப் பற்றி இல்லை, அந்தப் பிள்ளைகளைப் பற்றி. நிற்காத கம்ப்யூட்டர் வந்துவிட்டால் இவர்கள் எப்போது உட்காருவார்கள், எப்போது பேசுவார்கள்? நாளைக்கு இவர்களுக்குள் ஒரு மனத்தாங்கல் என்றால் சொல்லித் திருத்த யாருக்குத் தெரியப்போகிறது? பெரியவர்கள் இல்லாத வீடு. காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

அதனால் முதலில் முத்துமாரியிடம் பேசினேன். ஒரு ஆளின் குரலைப் பெட்டிக்குள் சேர்த்து வைத்தால், அந்த ஆள் இல்லாமலே அது பாடும் என்று ஆன்டனி சொல்லியிருந்தான். அவன் சொன்னது பொதுவாக. நான் சொல்லும்போது அதில் செந்தில்முருகன் பெயரும் முத்துமாரி பெயரும் வந்துவிட்டன. சமையலில் உப்புக் கொஞ்சம் கூடினால் வீட்டுக்காரர்கூடப் பொறுத்துக்கொள்கிறார். இவள் பொறுக்கவில்லை. நேராகப் போய்த்தான் பெட்டியா நானா என்று கேட்டாள். நான் அவரைக்காயை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன்.

சண்டை நன்றாகத்தான் போனது. ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சண்டையை முழுசாகப் போடத் தெரியாது. இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் மக்ரூன் பொட்டலத்தோடு சமாதானமாகிவிட்டார்கள். பாட்டை அறைக்குள் செய்தாலும் கொடைக் காலத்தில் வாடகை வேன் எடுத்து மேடைக்குப் போவது என்று முடிவு. குரலைப் பெட்டியில் போடவே மாட்டேன் என்று அவன் மாதாவையும் முருகனையும் சேர்த்துச் சத்தியம் செய்தான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுவரில் தெளிவாகக் கேட்டது. ஃபோம் மட்டும் ஒட்டியிருந்தால் எனக்கு அந்தச் சமாதானமே தெரிந்திருக்காது, பாருங்கள்.

பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கூடவே ஃபோம் அட்டைகளும் வந்து, என் சுவரில் சாய்ந்து நின்றன. மறுநாள் ஒட்டுவதற்கு ஆள் வருகிறது என்றான் ஆன்டனி.

எங்கள் தெருவில் புதுப் பொருள் எது வந்தாலும் நான்தான் திருஷ்டி சுற்றிப் போடுவேன். புது பைக், புதுப் பிள்ளை, மாரிச்செல்வம் கடையில் வந்த பெரிய ஃப்ரிட்ஜ், எதையும் விட்டதில்லை. என் கை ராசியான கை என்று பெயர். செந்தில்முருகனே வந்து கூப்பிட்டான். “யக்கா, ஊர்க் கண்ணெல்லாம் இது மேலதான். சுவிட்சு போடுததுக்கு முன்னால நீங்க வந்து சுத்திப் போட்டாத்தான் எனக்குத் திருப்தி.” இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்ட பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

ஆரத்தி எடுத்திருக்கலாம். ஆனால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பு, கறை தெரியும். உப்பளத்து வீட்டுக்காரிக்கு உப்புதான் முறை என்று சொல்லி, ஒரு கை கல்லுப்பும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுபோனேன். சுற்றும்போது எதிரே யாரும் நிற்கக் கூடாது என்று எல்லாரையும் வாசலுக்கு அனுப்பினேன். சாஸ்திரத்தை எதிர்த்துப் பேசுகிற ஆட்களா அவர்கள்? வரிசையாகப் போய், திரும்பி நின்றுகொண்டார்கள்.

பெட்டி அழகாகத்தான் இருந்தது. மேலே சூடு வெளியே போகச் சல்லடை மாதிரி ஓட்டைகள். மூன்று சுற்றுச் சுற்றி உப்பைத் தண்ணீரில் போட்டேன். சுற்றின உப்பைக் கரைத்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். கரைந்த தண்ணீரைத் தெருவில் ஊற்றுவார்கள். நான் ஒரு தம்ளர் அளவுக்குப் பெட்டியின் தலையில் ஊற்றிவிட்டு, மீதியைத் தெருவில் ஊற்றினேன். பெட்டியை முந்தானையால் துடைத்தும் விட்டேன். உப்புத் தண்ணீருக்கு நிறம் கிடையாது.

நான் வீட்டுக்கு வந்த பிறகு, முத்துமாரி பூ வைக்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நின்றவர்களுக்கு அது மட்டும்தான் தெரியும். எனக்கு அவள் பேசினது கேட்டது. பெட்டியிடம் பேசினாள், பைத்தியக்காரி. “உன்னையத் திட்டுனதுக்குக் கோவிச்சுக்காத. நம்ம ரெண்டு பேருமா அவரைப் பாத்துக்குவோம்” என்றாள்.

அப்போது ஓடிப்போய், சுவிட்சைப் போடாதீங்க என்று சொல்லியிருக்கலாம். கவிழ்த்து வைத்துக் காயப்போட்டால் ஒருவேளை பிழைத்திருக்கும். தோன்றத்தான் செய்தது. அடுப்பில் பால் இருந்தது.

சுவிட்சைப் போட்டார்கள். ஒரு வயலின் கேட்டது. இனிமையாகத்தான் இருந்தது. மற்ற தொண்ணூற்றொன்பதும் வரவில்லை.

எல்லாரும் முதலில் கடல் காற்றைத்தான் சொன்னார்கள். ஜன்னல் கம்பியையும் சைக்கிளையும் தின்கிற காற்று பெட்டியையும் தின்றுவிட்டது என்று சுடலைக்கண்ணு அண்ணாச்சி சத்தியம் செய்தார். திறந்து பார்த்த சர்வீஸ்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. காற்று தின்ன வருஷக்கணக்காகும், இது யாரோ உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், இதற்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

செந்தில்முருகன் முதலில் என்னிடம்தான் வந்தான். “சுத்திப் போடும்போது நீங்க ஏதாச்சும் பாத்தியளா, யக்கா?” என்று கேட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் சுற்றுவேன் என்றேன். அவன் போகத் திரும்பினபோது, “எனக்கப்புறம் உள்ள போனது யாருன்னு யோசிச்சுப் பாருப்பா” என்றேன். பெயர் சொல்லவில்லை. யார் பெயரையும் எடுத்துச் சொல்கிற வழக்கம் எனக்கில்லை.

அவன் அவளிடம் கேட்டான். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டான். அவள் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. “என்னையப் பாத்து இதைக் கேக்கத் தோணிச்சுல்லா. அது போதும்” என்றாள். செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. ஆன்டனி, “ஏளா, நில்லு” என்றான். அவள் நிற்கவில்லை.

அவள் பெட்டியிடம் என்ன பேசினாள் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் சொன்னால், நான் சுவரில் காது வைத்துக் கேட்டேன் என்று தெரு பேசும். இத்தனை வருஷமாகக் காப்பாற்றின பெயர்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், ஊரில் இன்னும் முத்துமாரி பெயர்தான் அடிபடுகிறது. அது அநியாயம். ஊற்றினது நான்தான். நல்லதுக்குத்தான் ஊற்றினேன். பழைய கம்ப்யூட்டரையே மறுபடி போட்டு, நாலு பேரும் உட்கார்ந்து பேசிச் சிரித்துக் கிடப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் இப்படி ஆளுக்கொரு பக்கம் போனால் அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

முத்துமாரியை ஆழ்வார்திருநகரியில் ஒரு நெல் வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பாடுகிறாளா என்று ஆள் விட்டு விசாரித்தேன். பிள்ளைக்குத் தாலாட்டுக்கூட செல்போனில்தான் போடுகிறாளாம். ஆன்டனி பயணிகள் கப்பலில் கிதார் வாசிக்கப் போய்விட்டான். நாசரேத்தில் அவனை வேண்டாமென்று சொன்ன பிளாரன்ஸ், கப்பல் சம்பளம் கேள்விப்பட்ட பிறகு, இப்போது அவனுக்கு மனைவி. சுடலைக்கண்ணு அண்ணாச்சி வேறு குழுவில் அடிக்கிறார். செந்தில்முருகன் வீட்டைக் காலி செய்து சென்னைக்குப் போனான், கல்யாணம் செய்யவில்லை. போகும்போது, இந்த ஊரில் எனக்கென்று இருந்தது நீங்கள் ஒருத்தர்தான் என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நானும் ஆசீர்வாதம் செய்தேன்.

அந்த வீட்டில் இப்போது சங்கரபாண்டியனும் ரேச்சலும் குடியிருக்கிறார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள், காதலித்துக் கட்டினவர்கள். வந்து இத்தனை நாளாகியும் ஒரு குரல் உயரவில்லை. அவ்வளவு அமைதி ஒரு குடும்பத்துக்கு ஆகாது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரியவர்களும் கூட இல்லை. நாளைக்குக் கொஞ்சம் பஜ்ஜி எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.